உயர் ரக பெட்ரோலின் உண்மையான விலை

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் இப்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. சாதாரண பெட்ரோலா, உயர் ரக பெட்ரோலா? 91, 95, 100 என்று எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எண் கூடக் கூட விலையும் கூடுகிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. விலை அதிகமென்றால் தரமும் அதிகமாகத்தான் இருக்கும், வண்டிக்கு நல்லதுதானே என்ற எண்ணத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இந்தக் கேள்விக்கு வயது நூறைக் கடந்துவிட்டது. உலகில் முதன்முதலாக ஒரு பெட்ரோலை "உயர் ரகம்" ஆக்கி, கூடுதல் விலை வைத்து விற்கக் காரணமாக இருந்தவர் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர். இந்தக் கேள்விக்கு விடை தேடும் எவரும் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று நான் கருதுகிறேன். ஆக்டேன் எண் என்பது என்ன, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற இரண்டையும் அந்த வாழ்க்கையைப்போல் தெளிவாக விளக்குவது வேறொன்றில்லை.

மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் ஒரு கண்டுபிடிப்பாளர். வாகன டயர்களில் புதுமைகள் செய்தவர். மகன் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் வளர்ந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேதியியலில் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அவர், முறைப்படி வேதியியல் படித்தவர் அல்லர். 1916-இல் டேட்டன் நகரிலிருந்த சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கைப்பிடியைச் சுழற்றாமலே காரைக் கிளப்பும் மின் ஸ்டார்ட்டரை உருவாக்கியவர் கெட்டரிங். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அங்கமாயிற்று.

அக்காலத்துக் கார் எஞ்சின்களுக்கு ஒரு தீராத நோய் இருந்தது. மேடேறும்போதும் பாரம் இழுக்கும்போதும் உள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை எழும். இன்றைய மெக்கானிக்குகளும் அதை "நாக்கிங்" என்றே சொல்கிறார்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக் தரும் பொறியால் ஓரிடத்தில் பற்றி, தீ சீராகப் பரவ வேண்டும். அழுத்தமும் வெப்பமும் அளவு மீறினால், தீ வந்து சேர்வதற்கு முன்பே மிச்சமுள்ள கலவை தானாக வெடித்துவிடும். அந்த வெடிப்பின் அதிர்ச்சிதான் தட்டலோசை. அது சக்தியை வீணாக்கும். நீடித்தால் பிஸ்டனையே சிதைக்கும்.

இதனால் பொறியாளர்களின் கை கட்டப்பட்டிருந்தது. கலவையை அதிகம் அழுத்தினால் அதே அளவு பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் நாக்கிங் வந்துவிடும். கெட்டரிங்கின் புதிய மின்பொறி அமைப்புதான் இதற்குக் காரணம் என்று பலரும் பழி கூறினர். பழியைத் துடைக்கும் பொறுப்பு மிட்ஜ்லியிடம் வந்தது. சிலிண்டருக்குள் நடப்பதைக் கருவிகளால் ஆராய்ந்த அவர், குற்றம் பொறியில் இல்லை, எரிபொருளில்தான் இருக்கிறது என்று நிறுவினார்.

மருந்தைத் தேடிய கதை விந்தையானது. பனிக்காலம் முடியுமுன்பே பூக்கும் ஒரு காட்டுச் செடியின் இலைகள் சிவந்திருப்பதைக் கண்டு, சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்க்கிறது போலும் என்று கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் ஊகித்தார்கள். பெட்ரோலையும் சிவப்பாக்கிப் பார்க்கலாம் என்று, கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. தட்டலோசை குறைந்தது. பிறகு வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது எந்தப் பயனும் இல்லை. ஊகம் பிழை, ஆனால் அயோடின் வேலை செய்தது. மிகச் சிறிய அளவில் ஒரு பொருளைச் சேர்த்தே எரிபொருளின் குணத்தை மாற்ற முடியும் என்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது.

அயோடின் விலை மிகுந்தது; உலோகத்தை அரிக்கவும் செய்தது. அனிலின் சேர்மங்களை முயன்றார். செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றின் சேர்மங்கள் நன்றாகவே வேலை செய்தன; ஆனால் அவற்றின் நாற்றம் உடலிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போகவில்லை. இறுதியில் தனிம வரிசை அட்டவணையை வழிகாட்டியாக வைத்து ஒழுங்குபடுத்திய தேடல், அவரைக் காரீயத்திடம் கொண்டு சேர்த்தது. 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் காரீயம் என்ற திரவத்தைச் சோதனை எஞ்சினில் கலந்தபோது தட்டலோசை அறவே நின்றது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 3 மில்லி லிட்டர் போதுமானதாக இருந்தது.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் விற்பனை தொடங்கியது. எத்தில் என்பது அதன் வணிகப் பெயர். காரீயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. காரீயம் நஞ்சு என்பது பண்டைய ரோமானியர் காலம் முதலே மருத்துவர்கள் அறிந்த செய்தி. பெயரில் அது இருந்திருந்தால் எத்தனை பேர் கூடுதல் காசு கொடுத்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். புதிய பெட்ரோலுக்குச் சிவப்பு நிறம் ஊட்டப்பட்டது. விலை சாதாரண பெட்ரோலைவிடச் சில சென்ட் அதிகம். அதே ஆண்டு மே மாதம் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் இதே எரிபொருளில் ஓடியதால், அதைவிடச் சிறந்த விளம்பரம் தேவைப்படவில்லை. உயர் ரக பெட்ரோல் என்ற வணிகம் பிறந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாக்கிங்கைத் தடுக்க மிட்ஜ்லி அறிந்திருந்த மருந்து காரீயம் ஒன்று மட்டுமன்று. ஆல்கஹாலும் அந்த வேலையைச் செய்யும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கும் முறைக்கு அவரே காப்புரிமை கோரியிருந்தார். ஆனால் ஆல்கஹாலைப் பல விழுக்காடு கலக்க வேண்டும். அத்தனை தானியத்துக்கு எங்கே போவது என்ற நியாயமான கவலை இருந்தது. அதனோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. எந்த விவசாயியும் காய்ச்சி வடிக்கக்கூடிய ஆல்கஹாலின் மீது எந்த நிறுவனமும் தனியுரிமை கொண்டாட முடியாது. காரீயச் சேர்மத்தின் மீது முடியும். 1924-இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் நிறுவனத்தைத் தொடங்கின.

விலை கொடுப்பது அதே ஆண்டில் தொடங்கிவிட்டது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சித்தம் கலங்கினார்கள். இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார்கள். சிலரைக் கட்டிவைத்துத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. ஐவர் இறந்தனர். டேட்டனிலும், டுபாண்ட் நிறுவனத்தின் டீப்வாட்டர் ஆலையிலும் நேர்ந்த சாவுகளையும் சேர்த்தால் உயிரிழந்தோர் எண்ணிக்கை பத்தைத் தாண்டும். நியூயார்க் உள்ளிட்ட சில இடங்களில் இந்தப் பெட்ரோலுக்குத் தடை விதிக்கப்பட்டது.

அப்போது மிட்ஜ்லி செய்த செயல் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அக்டோபர் 30 அன்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அந்தத் திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். குப்பியை மூக்கருகே பிடித்து ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். நாள்தோறும் இதைச் செய்தாலும் தமக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி கூறினார். ஆனால் முந்தைய ஆண்டின் தொடக்கத்தில் அவரே காரீய நஞ்சால் பாதிக்கப்பட்டு, ஃப்ளோரிடாவின் வெதுவெதுப்பில் சில வாரங்கள் ஓய்வெடுத்து மீண்டவர். அவர் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டு உழைப்பின் பயனைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆவல், தம் உடலே சொன்ன உண்மையைக்கூடக் கேட்கவிடாமல் அவரைச் செய்திருக்கிறது. அறிவுக்கூர்மை இதற்கு மருந்தாவதில்லை.

1925 மே மாதம் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டு, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். தொழிற்சாலை நச்சுகளை ஆராய்வதில் முன்னோடியும், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியருமான மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் அங்கே எச்சரித்தார். ஆலைக்குள் இருக்கும் தொழிலாளியைப் பாதுகாக்க வழி உண்டு. ஆனால் தெருவெங்கும் புகையாகப் பரவப்போகும் காரீயத்தைக் கட்டுப்படுத்த வழி இல்லை என்பது அவருடைய வாதம். பிறகு அமைக்கப்பட்ட எழுவர் குழு, சில மாத ஆய்வுக்குப் பின், தடை செய்யப் போதிய காரணம் தென்படவில்லை என்று 1926-இல் அறிவித்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேறு விளைவுகள் தோன்றலாம், ஆகவே ஆய்வு தொடர வேண்டும் என்றும் அது சொன்னது. விற்பனைக்கான அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. ஆய்வுக்கான பரிந்துரையை அரசு கிடப்பில் போட்டது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் அந்தத் தொழிலின் பணத்திலேயே நடந்தன.

ஆக்டேன் எண் உருவானதும் 1926-இல்தான். எத்தில் நிறுவனத்தின் வேதியியலாளர் கிரஹாம் எட்கர், எளிதில் நாக்கிங் செய்யும் ஹெப்டேனுக்குச் சுழியும், நாக்கிங்கை நன்கு தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100-ம் கொடுத்து ஓர் அளவுகோலை முன்மொழிந்தார். அந்த இரண்டையும் 5-க்கு 95 என்ற விகிதத்தில் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் பெட்ரோலே 95 ஆக்டேன் பெட்ரோல்.

இதைப் புரிந்துகொண்டால் நம்முடைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கான அளவன்று. தூய்மைக்கான அளவும் அன்று. அழுத்தத்தைத் தாங்கும் பொறுமைக்கான அளவு மட்டுமே. அதிகம் அழுத்தாத எஞ்சினில் அந்தக் கூடுதல் பொறுமைக்கு வேலையே இல்லை.

மிட்ஜ்லியின் கண்டுபிடிப்பால் விளைந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. எரிபொருள் தாங்கும் என்றானதும் பொறியாளர்கள் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தை ஆண்டுக்காண்டு உயர்த்தினார்கள். குறைந்த பெட்ரோலில் அதிக சக்தி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போர் விமானங்கள் பயன்படுத்திய 100 ஆக்டேன் எரிபொருளிலும் இந்தச் சேர்மம் இருந்தது. உயர் ஆக்டேன் பெட்ரோல் வெறும் ஏமாற்று வேலையன்று. அதற்கென வடிவமைத்த எஞ்சினில் அது தன் விலைக்கு உரிய பலனைத் தந்தது, இன்றும் தருகிறது.

ஆனால் காரீயம் எங்கே போயிற்று? எரிந்தபின் அது எஞ்சினுக்குள் படிந்து வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கெடுத்தது. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். எத்திலீன் டைபுரோமைடு என்ற பொருளைச் சேர்த்ததும், காரீயம் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறியது. எஞ்சின் சுத்தமாயிற்று. எஞ்சினிலிருந்து நீங்கிய நஞ்சு காற்றிலும் மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் சேர்ந்தது. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தவர் கார் வைத்திருந்தவர். மீதி விலையைக் கொடுத்தவர்கள் சாலையோரம் நடந்து போனவர்களும், கார் வாங்கக் கனவிலும் நினைக்காதவர்களும்.

மிட்ஜ்லி அதைக் காணவில்லை. அவருக்குப் புகழ்மேல் புகழ் சேர்ந்தது. 1920-களின் இறுதியில் கெட்டரிங் அவரிடம் குளிர்பதனப் பெட்டிக்கு நச்சற்ற, தீப்பிடிக்காத வாயு ஒன்று வேண்டுமென்று கேட்டார். அப்போது பயன்பட்ட வாயுக்கள் கசிந்து வீட்டிலிருந்தோரைக் கொன்றுகொண்டிருந்தன. சக ஆய்வாளர்களோடு சேர்ந்து விரைவிலேயே ஃப்ரியான் வாயுவைக் கண்டுபிடித்தார் மிட்ஜ்லி. 1930-இல் அறிவியலாளர்கள் கூட்டத்தில் அதை முகர்ந்து இழுத்து, வெளிவிட்ட மூச்சால் எரியும் மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். அந்தக் குளோரோ புளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தபோது அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

1940-இல், தம் 51-ஆம் வயதில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கிக் கால்களை முடக்கியது. படுக்கையிலிருந்து தாமே எழ உதவும் வகையில் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மிக உயர்ந்த விருதான பிரீஸ்ட்லி பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1944-இல் அச்சங்கத்தின் தலைவருமானார். அதே ஆண்டு நவம்பர் 2 அன்று அந்தக் கயிறுகளே கழுத்தைச் சுற்றி இறுக்கிய நிலையில் இறந்துகிடந்தார். வயது 55. இந்த முடிவை அவருடைய பாவத்துக்கான தண்டனைபோலச் சித்திரித்து எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயுற்ற ஒரு மனிதரின் துயர மரணத்திலிருந்து நீதிபோதனை பிழிவது அழகன்று. கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய மரணத்தில் இல்லை. 1924-க்கும் 1926-க்கும் இடையில் அவரும், அவருடைய நிறுவனமும், அரசும் எடுத்த முடிவுகளில் இருக்கிறது.

உண்மை வேறொரு வழியில் வந்தது. பூமியின் வயதைக் கணக்கிட முயன்ற கிளேர் பேட்டர்சன் என்ற அறிவியலாளர், தம் ஆய்வுக்கூடத்தில் எங்கும் காரீயம் படிந்திருப்பதைக் கண்டு திகைத்தார். பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள் என்று கண்டறிந்தபின், அந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பெருங்கடலிலும் துருவப் பனியிலும் மனிதனால் சேர்ந்த காரீயம் இருப்பதை 1960-களில் நிறுவினார். தொழில்துறையின் எதிர்ப்பையும் புறக்கணிப்பையும் தாங்கிக்கொண்டு பேசினார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குறைந்த அளவு காரீயம்கூடப் பாதிக்கும் என்ற சான்றுகள் குவிந்தன. 1975 முதல் அமெரிக்கக் கார்களில் பொருத்தப்பட்ட புகை மாசுக் குறைப்பானை காரீயம் பழுதாக்கிவிடும் என்பதும் சேர்ந்துகொள்ள, காரீய பெட்ரோலின் காலம் முடியத் தொடங்கியது. இந்தியாவில் 1995-இல் பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. 2000-இல் நாடு முழுவதும் காரீய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல்தான் கைவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு இரண்டே ஆண்டுகள் குறைவு.

சரி, இன்று நாம் கூடுதல் விலை கொடுக்கலாமா? இன்றைய உயர் ரக பெட்ரோலில் காரீயம் இல்லை; அந்த அச்சம் வேண்டாம். பார்க்க வேண்டியது எஞ்சினின் தேவையை மட்டுமே. டர்போ பொருத்திய சில கார்களுக்கும், அழுத்த விகிதம் மிகுந்த சில மோட்டார் சைக்கிள்களுக்கும் 95 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்று தயாரிப்பாளரே வாகனக் கையேட்டில் எழுதியிருப்பார். அவற்றில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால், நாக்கிங்கை உணரும் கருவி பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காக்கும்; ஆனால் சக்தியும் மைலேஜும் குறையும். அத்தகைய வண்டிக்குக் கூடுதல் விலை நியாயமானது.

91 போதும் என்று கையேடு சொல்லும் வண்டிக்கு 100 ஊற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் மனநிறைவு மட்டுமே. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016-இல் நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த வண்டிகளில் உயர் ரக பெட்ரோல் குறிப்பிடத்தக்க எந்தப் பயனும் தரவில்லை. தேவையில்லாமல் அதை வாங்கிய அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியதாக அச்சங்கம் கணக்கிட்டது. உயர் ரகம் என்ற பெயரில் எஞ்சினைச் சுத்தம் செய்யும் சேர்மானப் பொருள்களும் விற்கப்படுகின்றன. அவற்றின் பயன் வேறு, ஆக்டேன் எண் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. மிட்ஜ்லி அறிந்திருந்தும் ஒதுக்கிவைத்த ஆல்கஹால், எத்தனால் என்ற பெயரில் இன்று நம் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியைவிட ஒரு லிட்டர் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் கூடினால் மைலேஜும் கூடும் என்று நம்புவோர் இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும்.

எத்தனாலும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. எந்த வண்டிகள் அதைத் தாங்கும், அதற்கான கரும்புக்கும் தானியத்துக்கும் எவ்வளவு நீர் செலவாகிறது என்றெல்லாம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கான ஆய்வை விற்பவரிடமே விட்டுவிடாமல், பொதுப்பணத்தில் நடத்தி, முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டியது அரசின் கடமை. 1926-இல் எழுவர் குழு கேட்டதும் அதைத்தான். அன்று அது நடந்திருந்தால் மூன்று தலைமுறைக் குழந்தைகள் காரீயத்தைச் சுவாசித்திருக்க வேண்டியதில்லை.

வாகனம் வைத்திருப்போரின் பங்கு எளியது. அடுத்த முறை பங்கில் எந்த ரகம் என்று கேட்கும்போது, வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் போதும். அந்த எண் எப்படி வந்தது, அதற்கு வேறு யாராவது விலை கொடுக்கிறார்களா என்று கேட்பது குடிமக்களாக நம் அனைவருடைய பங்கு.